டிராக்டர் அளவு வழி

எங்கள் மேட்டுக்காட்டுக்குப் போகிற வழியில் இரண்டு கற்கள் நிற்கின்றன. வேலிக்கு நடுகிற சாதாரணக் கருங்கல் தூண்கள்தான். என் உயரம் இருக்கும். ஆனால் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எட்டி ஓர் உதை விட வேண்டும் போலிருக்கும். ஒருமுறை விட்டும் பார்த்தேன். இரண்டு நாள் நொண்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன்.

அந்தக் கற்களை நட்டவர் என் பெரியப்பா திம்மராயன்.

என் பெயர் பிரவீனா. ஆறாம் வகுப்பு. ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் எங்கள் ஊருக்கு முக்கால் மணி நேரம். ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற குன்றைத் தாண்டினால் கர்நாடகம். என் பெரியம்மா சென்னம்மாள் அங்கிருந்து வந்தவர், ஆனேக்கல் பக்கம். இத்தனை வருஷம் தமிழ் பேசியும் அவருக்கு ஆசை வந்தாலும் அழுகை வந்தாலும் கன்னடம்தான் வரும். என்னை 'புட்டி' என்றுதான் கூப்பிடுவார். கன்னடத்தில் அதற்குக் குட்டிப் பெண் என்று அர்த்தம். தமிழில் பாட்டில் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் இது தெரிந்துபோய், ஒரு வருஷம் முழுக்க என்னைப் பாட்டில் என்று கூப்பிட்டார்கள்.

இப்போது பெரியம்மா என்னைப் புட்டி என்று கூப்பிடுவதில்லை. எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. பத்து மாதம் ஆகிறது.

போன புரட்டாசி வரைக்கும் எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே நிலம், ஒரே டிராக்டர். கீழே சமமாக இருக்கிற நிலத்தில் தக்காளி போடுவோம். மேலே சரிவில் இருக்கிற மேட்டுக்காட்டில் ராகியும் கொள்ளும் விதைப்போம். அப்பா ஆஞ்சப்பனும் பெரியப்பாவும் மாற்றி மாற்றி டிராக்டர் ஓட்டுவார்கள். கம்பெனியில் லீவு கிடைத்தால் பெரியப்பா மகன் மாதேஷ் அண்ணனும் ஓட்டுவான்.

மாதேஷ் அண்ணனுக்கு இருபது வயது. இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிக்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். எனக்கு இன்னும் காற்றுதான் வருகிறது.

அந்தப் புரட்டாசியில் தக்காளி வரிசைகளுக்கு நடுவே ஓட்டுவதற்காக அப்பா டிராக்டரின் சக்கரங்களை உள்ளே தள்ளி மாட்டியிருந்தார். டிராக்டர் சக்கரங்களை அப்படி நெருக்கியும் வைக்கலாம், அகட்டியும் வைக்கலாம். தக்காளி வேலை முடிந்ததும் அப்பா அதை மாற்றவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவும் இல்லை. அண்ணனுக்கு அன்றைக்கு லீவு. கொள்ளு விதைக்க உழுது வைக்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்காட்டுக்குப் போனான்.

சரிவில் ஒரு பாறை ஓரமாக வண்டி சாய்ந்து புரண்டுவிட்டது. அண்ணன் அடியில் சிக்கிக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனான்.



அதற்கப்புறம் பெரியப்பா அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கீழ் நிலம் அவருக்குப் போனது, மேட்டுக்காடும் டிராக்டரும் எங்களுக்கு வந்தன. ஆனால் மேட்டுக்காட்டுக்குப் போகிற வழி பெரியப்பா பங்கில் இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து பேசி, "டிராக்டர் அளவு வழி விட்டுடணும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கயிறு போட்டு அளந்து கொடுக்க, பெரியப்பா அந்த இரண்டு கற்களை நட்டார்.

இது ஆடி மாதம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நல்ல மழை. பஸ்ஸில் உட்கார இடமில்லை. நான் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வளைவில் பஸ் திரும்பியதும் ஒரு கீரைக்கார அம்மாவின் கூடைமேல் போய் விழுந்தேன்.

"பாப்பா, கால அகட்டி நில்லு!" என்று கத்தினார் கண்டக்டர். "அட்டென்ஷன்ல நிக்கறதுக்கு இது என்ன பள்ளிக்கூடமா?"

கால்களை அகட்டி வைத்து நின்றேன். அடுத்த வளைவில் உடம்பு ஆடியதே தவிர விழவில்லை. கீரைக்கார அம்மா மட்டும் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் அப்பா வாசலில் நின்று மேட்டுக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு உழவு மழை பெஞ்சிருக்குது. ஞாயித்துக்கெழம காலைல ஓட்டிடணும். ஈரம் போச்சுன்னா ராகி போட முடியாது," என்றார்.

என் அம்மா முனிலட்சுமி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். அப்பா சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

"அந்தச் சரிவுலயா?" என்றார்.

"வேற எங்க? நமக்கு இருக்கறது அது ஒண்ணுதான?"

அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் மெக்கானிக் அருள்ஜோசப் வந்தார். ஆயில் மாற்றுவதற்காக அப்பா வரச் சொல்லியிருந்தார். அவர் வேலை செய்யும்போது பாட்டு முணுமுணுப்பார், அதுவும் ஒரே வரியை. அன்றைக்கு டிராக்டருக்குப் பின்னால் போய் நின்றதும் பாட்டு நின்றுவிட்டது.

"அண்ணா, சக்கரம் இன்னும் உள்ளயே இருக்குது."

"இருக்கட்டும்," என்றார் அப்பா.

"இத வச்சிக்கினு மேட்டுக்காட்டுக்கா போறீங்க? வேணாண்ணா. இடது சக்கரத்த வலது பக்கமும், வலது சக்கரத்த இடது பக்கமும் மாத்திப் போட்டா ரெண்டும் வெளிய தள்ளி நிக்கும். முன்னாடியும் இழுத்து வச்சிடலாம். ரெண்டு மணி நேர வேலை. அகலம் ஏழடிகிட்ட வந்துடும். வண்டி கால அகட்டி நிக்கும், சாயாது."

"மாத்தினா வழி பத்தாதுப்பா. கல்லு இடிக்கும்."

"உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி…"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எந்த மூஞ்சிய வச்சிக்கினு கேக்கச் சொல்ற?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, கல்லத் தாண்டி மேல போன அப்புறம் மாத்திக்கலாமே?"

"சரிவுல ஜாக்கி நிக்காது கண்ணு. வண்டி உருண்டுடும்."

அருள்ஜோசப் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுப் போனார். போகும்போது என் தலையில் கை வைத்து, "அப்பாவ மெதுவா ஓட்டச் சொல்லு" என்றார். மெதுவாக ஓட்டினால் போதுமா என்று கேட்டேன். அவர் பைக்கை உதைத்துக் கிளப்பினார்.

மேட்டுக்காட்டுக்கு ஓடினேன். அந்தப் பாறைக்குப் பக்கத்தில், சரிவில் குறுக்காக நின்றேன். கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு கீழ்ப்பக்கம் லேசாகச் சாய்ந்தேன். உடனே விழப் பார்த்தேன். கால்களை அகட்டிக்கொண்டு அதே அளவு சாய்ந்தேன். விழவில்லை. பத்துத் தடவை செய்து பார்த்தேன். பத்துத் தடவையும் அப்படித்தான். கண்டக்டர் சொன்னது பஸ்ஸுக்கு மட்டும் இல்லை.

இறங்கி வந்து கற்களுக்கு நடுவே அளந்தேன். என்னிடம் ஒரு டேப் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு அம்மா கம்பெனியில் கொடுத்தது. எங்கள் வீட்டில் நான் அளக்காத பொருளே கிடையாது. அப்பாவின் மீசைகூட நாலே கால் அங்குலம்.

இரண்டு கற்களுக்கும் நடுவில் சரியாக ஆறு அடி இருந்தது.

வீட்டுக்கு ஓடிப் போய் டிராக்டரின் பின்சக்கரங்களை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அளந்தேன். ஐந்தரை அடி. இரண்டு பக்கமும் கால் அடி கால் அடி விட்டால் ஆறு அடி.

அப்போதுதான் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் கயிறு போட்டு அளந்தார்கள் என்று சொன்னேன் இல்லையா? எதை அளந்தார்கள்? மேட்டுக்காட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்த டிராக்டரைத்தான் அளந்தார்கள். சேறுகூடக் கழுவாத டிராக்டர். அன்றைக்கு யாருக்கும் சக்கரத்தைப் பற்றி நினைப்பே இல்லை. வண்டி நிற்கிறது, அளந்துகொள் என்று அளந்துவிட்டார்கள்.

"பாப்பா, இந்த முனையப் பிடி" என்று ஒரு தாத்தா சொன்னார். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

மாதேஷ் அண்ணனைச் சாய்த்த அளவை நாங்கள் கயிற்றில் எடுத்து, கல்லாக நட்டு வைத்துவிட்டோம். இனி அந்த வழியில் போகிற எந்த டிராக்டரும் அந்த அளவில்தான் போக முடியும். நாளைக்கு என் அப்பாவும் அந்த அளவில்தான் போவார்.

டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன்.

பத்து மாதமாக நான் அந்த வாசலில் கால் வைக்கவில்லை. அண்ணனின் பைக்கைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். பெரியம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"யாக்கே பந்தே?" என்று மெல்லக் கேட்டார். ஏன் வந்தாய் என்று கேட்கிறார்.

"பெரியப்பாவப் பாக்கணும்."

பெரியப்பா உள்ளேயிருந்து வந்தார். பத்து மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். என்னைப் பார்க்காமல் தூணைப் பார்த்துக் கேட்டார்.

"எதுக்கு வந்த?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது அத்தனையும் மறந்துபோய்விட்டது. இருந்தது எல்லாம் டேப் மட்டும்தான்.

"பெரியப்பா, கல்லுக்கு நடுவுல ஆறு அடிதான் இருக்குது. சக்கரத்த அகட்டிப் போட்டா போவாது. அதனால அப்பா அகட்டாமயே நாளைக்கு மேட்டுக்காட்டுக்குப் போறாரு."

"போவட்டும். வழி விட்டாச்சு."

"பாறை ஓரமா சாஞ்சிடும் பெரியப்பா."

அவர் குரல் ஏறியது. "அத உங்கப்பன் அன்னிக்கு யோசிச்சிருக்கணும்! என் பையன் வண்டி ஏறறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். சக்கரம் உள்ள இருக்குது, மேட்டுக்குப் போவாதடான்னு ஒரே ஒரு வார்த்த. சொன்னானா?"

"சொல்லல," என்றேன். "அப்பா சொல்லாம விட்டது தப்புதான் பெரியப்பா."

அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"ஆனா நீங்க விட்ட வழி டிராக்டர் அளவு இல்ல. அண்ணன் விழுந்தானே, அந்த டிராக்டர் அளவு. அன்னிக்கு அளக்கறப்ப சக்கரம் உள்ளயேதான் இருந்துச்சு. கயித்த நான்தான் பிடிச்சிக்கினு இருந்தேன்."

பெரியப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவ்வளவுதான், எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரும்பும்போது பெரியம்மா என் கையைப் பிடித்தார்.

"எஷ்டு பேக்கு?" என்றார், எவ்வளவு வேண்டும் என்று.

"ஏழரை அடி."

பெரியம்மா என் கையிலிருந்த டேப்பை வாங்கி இழுத்தார். ஏழரை அடி வரை வந்ததும் நிறுத்தி, அந்த நீளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஒன்றரை அடி அதிகமாக விட அவர்களிடம் நிலத்துக்கா பஞ்சம்?

"மனெகெ ஹோகு, புட்டி," என்றார். வீட்டுக்குப் போ என்றுதான் சொன்னார். ஆனால் புட்டி என்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு முதல் ஷிஃப்ட். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். போகும்போது அப்பாவிடம், "பாத்து" என்று மட்டும் சொன்னார். தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வெளிச்சம் வந்ததும் அப்பா டிராக்டரைக் கிளப்பினார். நான் பின்பக்கமாக ஓடி, அவருக்கு முன்னால் கற்களிடம் போய்ச் சேர்ந்தேன். நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டேன். கை இரண்டு பக்கமும் எட்டவில்லை. இருந்தாலும் நின்றேன்.

டிராக்டர் எனக்குப் பத்தடி தள்ளி நின்றது.

"நகரு பிரவீனா."

"மாட்டேன்."

"ஈரம் போயிடும். வெளையாடாத."

"போவட்டும். ராகி இல்லன்னா பரவால்ல. நான் நகர மாட்டேன்."

"அடி வாங்குவ!"

"வாங்கிக்கறேன். எறங்கி வந்து அடிங்க."

அப்பா இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது, அப்பாவுக்கும் பயமாகத்தான் இருந்தது. அண்ணன் போன அதே மாதிரி தானும் போக வேண்டும் என்று யாரோ தண்டனை கொடுத்த மாதிரி அவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்பாமேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"ணங்" என்று ஒரு சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். பெரியப்பா கடப்பாரையால் இடது பக்கத்துக் கல்லின் அடியில் குத்திக்கொண்டிருந்தார். பெரியம்மா மண்வெட்டியோடு பின்னால் நின்றார். பெரியப்பா நிமிரவில்லை. கல்லோடு பேசுவது போலப் பேசினார்.

"பிரவீனா, உங்கப்பன்கிட்ட சொல்லு. வண்டிய ஆஃப் பண்ணச் சொல்லு."

அப்பா இருந்தது பத்தடி தூரத்தில். பெரியப்பா சொன்னது ஊருக்கே கேட்டிருக்கும். ஆனாலும் நான் சொன்னேன்.

"அப்பா, வண்டிய ஆஃப் பண்ணணுமாம்."

வண்டி நின்றது. "ஆஃப் பண்ணிட்டேன்னு சொல்லு," என்றார் அப்பா.

"பெரியப்பா, ஆஃப் பண்ணிட்டாராம்."

"எனக்கென்ன காது செவிடா?" என்றார் பெரியப்பா. பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை.

கல் இரண்டடி ஆழத்தில் இருந்தது. பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா இறங்கி வந்தார். பெரியம்மா மண்வெட்டியை அவரிடம் கொடுத்தார். ஒருவர் குத்த, ஒருவர் அள்ள, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே தோண்டினார்கள். கடைசியில் கல் ஆடி, சாய்ந்து, தொப்பென்று விழுந்தது.

நான் டேப்பை விரித்தேன். "ஏழரை அடி இங்க வருது," என்று குச்சியால் கோடு போட்டேன்.

"எட்டா வச்சிடு," என்றார் பெரியப்பா. "இன்னொரு தடவ தோண்ட என்னால ஆவாது."

"சக்கரத்த மாத்தாம இந்த வழில வரக்கூடாதுன்னு உங்கப்பன்கிட்ட சொல்லு," என்றும் சொன்னார்.

"மாத்திடறேன்னு உங்க பெரியப்பாகிட்ட சொல்லு," என்றார் அப்பா.

என் கழுத்து வலித்தது. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை என்று திரும்பித் திரும்பி நான் ஃபேன் மாதிரி ஆகிவிட்டேன்.

போன் போட்டதும் அருள்ஜோசப் வந்துவிட்டார். சர்ச்சுக்குக் கிளம்பியவர், வெள்ளைச் சட்டையோடு வந்தார். "ஆண்டவர் கோவிச்சிக்க மாட்டாரு" என்று சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டினார். பெரியப்பா வீட்டு வாசல் சமமான தரை. அங்கே டிராக்டரைக் கொண்டு போய் நிறுத்தினார்கள். முன்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டையை அண்டக் கொடுத்து, நட்டுகளைக் கழற்றினார்கள்.

பின்சக்கரம் என்னைவிட உயரமாக இருந்தது. ஒரு ஆள் தள்ளி அசையாது. அப்பா ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம் பிடித்து உருட்டினார்கள். இடது சக்கரம் வலது பக்கம் போனது. வலது சக்கரம் இடது பக்கம் வந்தது. நட்டுகளைத் தானே முறுக்குவதாகச் சொல்லிப் பெரியப்பா ஸ்பானரை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு நட்டையும் முறுக்கினார். பிறகு முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பவும் முறுக்கினார். அருள்ஜோசப், "போதும்ணா, இறுகிடுச்சு" என்று சொல்லியும் விடவில்லை. அவர் யாரை நினைத்துக்கொண்டு முறுக்குகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

முன் அச்சையும் இழுத்துப் போல்ட் போட்டதும் நான் அளந்தேன். ஆறே முக்கால் அடி. டிராக்டர் இப்போது கால்களை அகட்டிக்கொண்டு நின்றது.

புதிய வழியில் வண்டி தாராளமாகப் போனது. அப்பா மேட்டுக்காட்டில் ஏறினார். நாங்கள் நாலு பேரும் கீழே நின்று பார்த்தோம். முதல் சால், இரண்டாவது சால் என்று மேலே போகப் போகச் சரிவு அதிகமாகியது. கடைசியில் பாறை ஓரம் வந்தது.

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். பெரியப்பா என்னையும் இழுத்துக்கொண்டு இரண்டு அடி முன்னால் போனார். அவர் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது, வலித்தது, ஆனால் நான் சொல்லவில்லை.

மேல்பக்கத்துச் சக்கரம் ஒரு மேட்டில் ஏறியது. டிராக்டர் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தது, ஆனால் புரளவில்லை. கீழ்ப்பக்கத்துச் சக்கரம் மண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றது. மெல்ல நகர்ந்து பாறையைத் தாண்டிப் போனது.

பெரியப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அண்ணன் இறந்த அன்றுகூட அவர் இப்படி அழுது நான் பார்க்கவில்லை. இதே சக்கரத்தை அன்றைக்கே இப்படி மாட்டியிருந்தால் அண்ணன் இருந்திருப்பான். அது எனக்கே தோன்றியது என்றால், அவருக்குத் தோன்றாமல் இருக்குமா?

உழுது முடித்துவிட்டு அப்பா இறங்கி வரும்போது வெயில் ஏறியிருந்தது. அருள்ஜோசப் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பெரியம்மா டீ கொண்டு வந்து வைத்திருந்தார். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு, எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி வந்து நின்றார். காலில் ஒட்டியிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரவீனா," என்றார்.

"என்னப்பா?"

"உங்க பெரியப்பாகிட்ட சொல்லு." எச்சிலை விழுங்கிவிட்டுச் சொன்னார். "அன்னிக்கு நான் சக்கரத்த மாத்தாம விட்டுட்டேன். புள்ளகிட்ட சொல்லவும் இல்ல. தப்பு என்னுதுதான். பத்து மாசமா இத வந்து சொல்ல எனக்கு தைரியம் வரலன்னு சொல்லு."

நான் பெரியப்பா பக்கம் திரும்பினேன். வாயைத் திறந்தேன்.

பெரியப்பா நிமிரவில்லை. "கேட்டுச்சுன்னு சொல்லு," என்றார்.

"அப்பா," என்றேன். "பெரியப்பாவுக்குக் கேட்டுச்சாம்."

அப்பா தலையை ஆட்டினார். அங்கேயே நின்றார். பக்கத்தில் வரவும் இல்லை, போகவும் இல்லை. டம்ளர்களிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"டீ ஆறுது," என்றார் பெரியப்பா.

இதையும் சொல்ல வேண்டுமாக்கும் என்று நான் அப்பா பக்கம் திரும்பப் போனேன். திரும்புவதற்கு முன்னால் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக அப்பாவைப் பார்த்துத்தான் சொல்லியிருந்தார்.